டிரைவரில் மட்டும் ஸ்லைஸ்: புது டிரைவர் வாங்குவதா, ஸ்விங் திருந்தும்வரை பொறுப்பதா?

ஒன்பது_டிகிரி

வணக்கம். வலக்கையில் கோல்ஃப் ஆடுபவன். ஐயன்களில் (குட்டையான இரும்புத்தலைக் கிளப்கள்) பெரிய தொந்தரவு இல்லை. 7 ஐயனில் பந்து லேசாக வலப்பக்கம் சாயும், அவ்வளவுதான். நீளமான கிளப்பான டிரைவரில்தான் சிக்கல். இலக்குக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகக் கிளம்பும் பந்து, பாதி தூரம் போனதும் வலப்பக்கம் வளைந்து (இதுதான் ஸ்லைஸ்) பக்கத்து ஃபேர்வேயில் விழுகிறது.

கையில் இருப்பது 460 சிசி தலை, 9 டிகிரி லாஃப்ட் (அடிக்கும் முகத்தின் சாய்வு), ஸ்டிஃப் ஷாஃப்ட் (விறைப்பான தண்டு), 45.75 அங்குல நீளம். லாஃப்டை மாற்றும் ஸ்லீவ் (தலையும் ஷாஃப்டும் சேரும் இடத்து உறை) உண்டு. நகர்த்தும் எடை கிடையாது. லாஞ்ச் மானிட்டரில் சராசரியாக வரும் எண்கள்: கிளப் வேகம் மணிக்கு 91 மைல், பாத் (தலை நகரும் திசை) −6 டிகிரி (வெளியிலிருந்து உள்ளே), ஃபேஸ் (அடிக்கும் முகம் பார்க்கும் திசை) −1, அட்டாக் ஆங்கிள் (தலை ஏறும் அல்லது இறங்கும் கோணம்; மைனஸ் என்றால் கீழே) −2, ஸ்பின் நிமிடத்துக்கு 3600 சுற்றுக்குப் பக்கம்.

ஸ்விங்கைத் திருத்தும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் டிரா பயஸ் டிரைவர் (பந்தை இடப்பக்கம் வளைக்கும்படி செய்தது) வாங்கினால் உதவுமா, இல்லை தவறான ஸ்விங்கே நிலைத்துவிடுமா? 10.5, 12 என்று லாஃப்டை ஏற்றினால் தூரம் போய்விடுமா? ஷாஃப்டை ரெகுலருக்கு (மென்மையானதற்கு) மாற்றினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியா?

ஹோசல்

உங்கள் எண்களிலேயே பாதி பதில் இருக்கிறது. இலக்கோடு ஒப்பிட்டால் ஃபேஸ் 1 டிகிரி மூடித்தான் இருக்கிறது. ஆனால் பந்து எவ்வளவு வளையும் என்பதைத் தீர்மானிப்பது ஃபேஸுக்கும் பாத்துக்கும் உள்ள இடைவெளி. பாத் −6, ஃபேஸ் −1 என்றால் பாத்தைப் பொறுத்தவரை ஃபேஸ் 5 டிகிரி திறந்திருக்கிறது. கிளம்பும் திசையில் டிரைவருக்கு ஏறத்தாழ 85 சதவீதம் ஃபேஸ், மீதிதான் பாத். அதனால் பந்து 2 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இடப்பக்கம் கிளம்பி, பிறகு வலப்பக்கம் திரும்புகிறது. நீங்கள் சொன்ன பந்து இதுவேதான்.

7 ஐயன் ஏன் தப்பிக்கிறது? அங்கும் பாத் அநேகமாக இடப்பக்கமாகத்தான் போகும். ஆனால் சுழல் அச்சு எவ்வளவு சாய்கிறது என்பது அந்த 5 டிகிரியை ஸ்பின் லாஃப்டால் வகுத்தால் வரும் விகிதத்தைப் பொறுத்தது. ஸ்பின் லாஃப்ட் என்பது அடிபடும் கணத்தில் இருக்கும் லாஃப்டுக்கும் அட்டாக் ஆங்கிளுக்கும் உள்ள வித்தியாசம். டிரைவரில் அது 13 என்று வைத்துக்கொண்டால் அச்சு 21 டிகிரி சாயும். 7 ஐயனில் 26 என்றால் அதே தவறுக்கு 11 டிகிரிதான். ஐயன் ஸ்விங் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். லாஃப்ட் தவறை மறைத்துக்கொண்டிருக்கிறது.

இதிலிருந்தே லாஃப்ட் கேள்விக்கும் விடை வந்துவிடுகிறது. ஸ்பின் லாஃப்ட் 13இலிருந்து 15க்கு ஏறினால் சாய்வு 21இலிருந்து 18க்கு இறங்கும். உதவிதான், ஆனால் மருந்து கிடையாது. மணிக்கு 91 மைல் வேகத்துக்கு 9 டிகிரி குறைவு, 10.5 இயல்பாகப் பொருந்தும். தூரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இப்போது தூரத்தைத் தின்பது அந்த வளைவுதான், லாஃப்ட் இல்லை.

ஸ்லீவ் விஷயத்தில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. லாஃப்டைக் கூட்டினால் தலையைத் தரையில் அமர்த்தும்போது ஃபேஸ் மூடிக்கொள்ளும், குறைத்தால் திறக்கும். சில ஸ்லீவ்களில் 2 டிகிரி லாஃப்டுக்கு 4 டிகிரி வரை ஃபேஸ் திரும்பும். ஆனால் மூடித் தெரிகிறதே என்று பந்தருகே நின்று கையால் ஃபேஸைத் திருப்பி நேராக்கிவிட்டுப் பிறகு கிரிப் பிடித்தால், மூடிய கோணம் போய்விடும். கூடுதல் லாஃப்ட் மட்டும் மிஞ்சும். ஸ்லீவை மாற்றியபின் தலையைத் தரையில் தானாக அமரவிட்டுக் கிரிப் பிடியுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உலர்ந்த பாதப் பவுடர் ஸ்பிரேயை ஃபேஸில் மெல்லியதாக அடித்து, பந்து எங்கே படுகிறது என்று பாருங்கள். 3600 ஸ்பின் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஒன்பது_டிகிரி

பார்த்தேன். தடங்கள் பெரும்பாலும் நடுவிலிருந்து அரை அங்குலம் ஹீல் (ஷாஃப்ட் சேரும் முனை) பக்கம், நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே. டோ (எதிர்முனை) பக்கம் ஒன்றுகூட இல்லை. கிரிப் பிடித்துக் கீழே பார்த்தால் இடக்கையில் ஒரு விரல்முட்டிதான் தெரிகிறது.

ஸ்விங்வெயிட்

அரை அங்குலம் ஹீல்னா உங்க ஸ்லைஸ்ல ஒரு நல்ல பங்கு அதுதான். டிரைவர் தலையோட ஈர்ப்பு மையம் ஃபேஸுக்கு ரொம்பப் பின்னாடி இருக்கும். ஹீல்ல பட்டா தலை அந்த மையத்தைச் சுத்தித் திரும்பும், அப்போ பந்து எதிர்ப்பக்கமா உருண்டு ஸ்லைஸ் சுழல் வாங்கிக்கும். கியர் எஃபெக்ட்னு சொல்றது இதைத்தான். ஃபேஸும் பாத்தும் ஒண்ணாவே இருந்தாலும் ஹீல்ல பட்டா பந்து வலப்பக்கம் வளையும். கீழ்ப்பக்கம் பட்டா பேக்ஸ்பின் கூடும், உங்க 3600க்கு அதுவும் ஒரு காரணம். ஆக பாத் −6, ஃபேஸ் −1ங்கிற கணக்கு மட்டும் வச்சு டிரைவர் தேர்ந்தெடுத்தா பாதிப் பிரச்சினையைத்தான் பார்க்கிறீங்க.

ஹீல்ல படுறதுக்கு முதல் சந்தேகம் நீளம். 45.75 அங்குலம் கடையில விற்கிற அளவு. தொழில்முறை ஆட்டக்காரங்கள்ல பல பேர் 45க்குப் பக்கத்துலயோ அதுக்குக் கீழயோதான் வச்சிருக்காங்க. அவங்களுக்கே அது போதும்னா நமக்கு எதுக்கு இந்த நீளம்? ஆனா உடனே ஷாஃப்டை வெட்டிடாதீங்க. முதல்ல கிரிப்பில ஒரு அங்குலம் கீழே பிடிச்சு அடிங்க. அதே பவுடர், அதே பந்து. தடம் நடுவுக்கு வந்தா வெட்டுறதுல அர்த்தம் இருக்கு.

வெட்டுறதா இருந்தா கிரிப் பக்கம்தான் வெட்டணும், ஸ்லீவ் பக்கம் கை வைக்கக் கூடாது. ஒரு அங்குலம் போனா ஸ்விங் வெயிட் (ஆட்டும்போது தலை எவ்வளவு கனமா தோணுதுங்கிற அளவு) சுமார் 6 புள்ளி குறையும்: D3 இருந்தது C7 ஆயிடும். தலை எடையே இல்லாத மாதிரி தோணும், கையால இழுக்கத் தொடங்குவீங்க, ஸ்லைஸ் இன்னும் மோசமாகும். தலையில 2 கிராம் சேர்த்தா ஏறக்குறைய 1 புள்ளி திரும்ப வரும். முழுசா ஈடுகட்ட 12 கிராம் ஆகும். பாதி சேர்த்தாலே பலருக்குப் போதும். உங்க தலையில நகர்த்துற எடை இல்லைன்னீங்க, அதனால ஈய டேப் எடுத்துச் சின்னத் தராசுல நிறுத்து, சோல்ல (தலையோட அடிப்பக்கம்) ஹீல் ஓரமா ஒட்டுங்க. சேர்க்கவேண்டிய எடையையே டிரா பக்கம் சேர்த்த மாதிரியும் ஆச்சு.

ஷாஃப்ட் ஃப்ளெக்ஸ் (வளையும் தன்மை) பத்தி: "ஸ்டிஃப்"னு எழுதியிருக்கிறதுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியோட ஸ்டிஃப் இன்னொரு கம்பெனியோட ரெகுலரா இருக்கலாம். மென்மையான ஷாஃப்ட் அடிபடும் நேரத்துல கொஞ்சம் கூட முன்னாடி வளையும், அதனால லாஃப்டும் ஃபேஸ் மூடலும் கொஞ்சம் கூடும். கொஞ்சம்தான். 5 டிகிரியை ஷாஃப்ட் சரிபண்ணும்னு யாராவது சொன்னா காசைப் பையிலயே வச்சுக்கோங்க. ஃப்ளெக்ஸை விட எடையைப் பாருங்க. 50 கிராம், 60 கிராம் ரெண்டையும் அடிச்சுப் பார்த்து, எதுல தடம் ஒரே இடத்துல குவியுதோ அதை எடுங்க.

பயிற்சித்திடல்

டிரா பயஸ் டிரைவருக்கு நான் எதிரி இல்லை. ஆனால் வரிசை முக்கியம். ஒரு முட்டி மட்டும் தெரியும் கிரிப்போடு எந்த டிரைவரை எடுத்தாலும், ஃபேஸைத் திறந்து விடுவதற்கான எல்லா வாய்ப்பும் கையிலேயே இருக்கிறது.

இடக்கையை வலப்பக்கமாகத் திருப்பி, மேலிருந்து பார்த்தால் இரண்டரை முதல் மூன்று முட்டி தெரியும்படி பிடியுங்கள். இரண்டு கைகளிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழும் கோடு வலது தோளை நோக்கட்டும். முதலில் அசிங்கமாகத் தோன்றும், பந்து இடப்பக்கம் பறக்கும். அது நல்ல அறிகுறி. ஃபேஸ் திறந்திருக்கும்போது பந்தை இலக்குக்குக் கொண்டுவர உடம்பு தானாகவே இடப்பக்கம் இழுக்கிறது. −6 பாத் அநேகமாக அப்படித்தான் வந்திருக்கும். ஃபேஸ் மூடியதும் பந்து இடப்பக்கம் போகும், அதைப் பார்த்துப் பார்த்து ஸ்விங் வலப்பக்கம் நகரும். ஃபேஸை விட்டுவிட்டு முதலில் பாத்தைத் திருத்தினால் பந்து நேரே வலப்பக்கம் போய்விடும். இரண்டாவது வாளிப் பந்துகளிலேயே பழைய ஸ்விங்குக்குத் திரும்பிவிடுவீர்கள்.

மேலே போனதும் இடது மணிக்கட்டைப் பாருங்கள். புறங்கைப் பக்கம் குழிந்து மடங்கியிருந்தால் ஃபேஸ் திறந்திருக்கிறது. முன்கையும் புறங்கையும் ஒரே தட்டையாக இருக்கட்டும். இடுப்பு உயரத்தில் நிறுத்திச் சோதிப்பது இன்னும் எளிது: பின்ஸ்விங்கில் ஷாஃப்ட் தரைக்கு இணையாக வரும்போது ஃபேஸ் உங்கள் முதுகுச் சாய்வை ஒட்டிக் கொஞ்சம் தரையைப் பார்க்க வேண்டும். வானத்தைப் பார்த்தால் திறந்துவிட்டது.

இனி எல்லோரும் சொல்லும் "மேல்நோக்கி அடி" என்ற அறிவுரை. உங்களுக்கு இப்போது அது ஆபத்து. தலை ஒரு வட்டத்தில் சுற்றுகிறது. வட்டத்தின் அடிப்புள்ளியைத் தாண்டியபின் அது மேலே ஏறுவதோடு இடப்பக்கமும் திரும்புகிறது. டிரைவரின் ஸ்விங் தளத்தில் அட்டாக் ஆங்கிளை 3 டிகிரி மேலே ஏற்றினால் பாத் கிட்டத்தட்ட 3 டிகிரி இடப்பக்கம் போகும். −2இலிருந்து +1க்கு ஏறி, வேறு எதையும் மாற்றாவிட்டால் பாத் −6 என்பது −9 ஆகும். பந்தை இடது குதிகாலுக்கும் முன்னால் வைப்பதும் இதையேதான் செய்யும். கூடவே தோள்களையும் இடப்பக்கம் திறந்துவிடும். பந்து இடது குதிகாலின் உட்பக்கத்துக்கு நேராக, டீ (பந்தை நிறுத்தும் முளை) உயரம் பாதிப் பந்து தலைக்கு மேலே தெரியும்படி. தோள் கோடு இலக்கை நோக்குகிறதா என்று ஷாஃப்டை மார்பில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லைஸ் வருமே என்று இடப்பக்கம் திரும்பி நிற்கும் வழக்கத்தை முதலில் விடுங்கள்.

ஹீல் தடத்துக்கு ஒரு பயிற்சி போதும்: வேண்டுமென்றே டோவில் அடிக்க முயலுங்கள். ஃபேஸின் டோ ஓரத்தில் தடம் விழவைக்க முடிந்தால் நடுவில் அடிப்பது தானாக வரும். கூடவே, டோ முனைக்கு வெளியே விரலகல இடைவெளியில், பந்துக்கு அரையடி பின்னால் ஒரு காலி அட்டைப்பெட்டி வையுங்கள். கை வெளியே தள்ளிக்கொண்டு வந்தால் பெட்டி பறக்கும். முழு வேகம் வேண்டாம், முக்கால் போதும்.

ஒன்பது_டிகிரி

மிக்க நன்றி. அப்படியென்றால் கிரிப் மாறிய பிறகு டிரா பயஸ் வாங்கினால் ஹூக் (பந்து அதிகமாக இடப்பக்கம் வளைவது) வந்துவிடுமோ?

ஹோசல்

வரலாம். அதனால்தான் எப்படிப்பட்ட டிரா பயஸ் என்று பார்த்து வாங்க வேண்டும். மூன்று வழிகளில் அதைச் செய்கிறார்கள். ஒன்று, ஹீல் பக்கம் எடை. ஈர்ப்பு மையம் ஹீலை நோக்கி நகர்வதால் ஃபேஸ் மூடுவது எளிதாகிறது; ஃபேஸின் நடுவில் பட்டாலே மையத்துக்கு டோ பக்கம் பட்டதுபோல் டிரா சுழல் கொஞ்சம் கிடைக்கிறது. உங்கள் ஹீல் தடத்துக்கு நேரடியாக உதவுவது இதுதான். மையம் உங்கள் தடத்தின் பக்கம் வந்துவிடுகிறது. இரண்டு, மூடிய ஃபேஸ் கோணம். மூன்று, ஆஃப்செட்: ஷாஃப்ட் கோட்டுக்குப் பின்னால் ஃபேஸைத் தள்ளி வைப்பது.

நிமிர்ந்த லை (ஷாஃப்டுக்கும் தரைக்கும் உள்ள கோணம்) நான்காவது என்று விளம்பரம் செய்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10.5 டிகிரி லாஃப்டில் லையை 2 டிகிரி நிமிர்த்தினால் ஃபேஸ் திசை 0.4 டிகிரிகூட மாறாது. வெட்ஜில் அது பெரிய விஷயம், டிரைவரில் அற்பம்.

பிங் எஸ்எஃப்டி, கேலவே மேக்ஸ் டி, டெய்லர்மேட் ஸ்டெல்த் எச்டி போன்றவை டிராவுக்கென்றே செய்யப்பட்ட தலைகள். அவற்றின் சாய்வை நடுநிலைக்கு முழுதாகக் கொண்டுவர முடியாது. ஸ்விங்கில் வேலை நடக்காத ஒருவருக்கு இவற்றைத் தயங்காமல் சொல்வேன். கிரிப்பை மாற்றிக்கொண்டிருக்கும் உங்களுக்கு வேறு யோசனை: எடையை ஹீல் பக்கமும் நடுவுக்கும் மாற்ற முடிகிற, எம்ஓஐ (தலை திரும்புவதை எதிர்க்கும் தன்மை) அதிகமான தலை, 10.5 டிகிரி. இன்று எடை ஹீலில், லாஃப்ட் ஒரு டிகிரி கூட்டி. பாத் −2 அளவுக்கு வந்ததும் எடை நடுவுக்கு. ஃபேஸுக்கும் பாத்துக்கும் இடைவெளி 2, 3 டிகிரிக்குள் நின்றுவிட்டால் ஸ்லீவும் பழைய இடத்துக்கு. தலை அதே தலை.

எம்ஓஐக்கு விதிப்படி உச்சவரம்பு 5900 கிராம்-செமீ², அளவீட்டுத் தளர்வு 100. விளம்பரத்தில் "10கே" என்று போடுவது இடவல அச்சையும் மேல்கீழ் அச்சையும் கூட்டிய எண். வரம்பு ஒரே அச்சுக்குத்தான் என்பதால் விதியை யாரும் மீறவில்லை. எம்ஓஐ அதிகமானால் ஹீலில் பட்டாலும் தலை குறைவாகத் திரும்பும். ஆனால் ஃபேஸ் 5 டிகிரி திறந்து வந்தால் எம்ஓஐயால் ஒன்றும் ஆகாது, திறந்தபடியே உறுதியாக வந்து அடிக்கும்.

எல்எஸ், எல்எஸ்டி என்று முடியும் குறைந்த ஸ்பின் தலைகளைத் தொடாதீர்கள். ஸ்பின் 3600 என்றதும் கடையில் அதைத்தான் நீட்டுவார்கள். அவற்றில் எடை முன்னால் இருப்பதால் தவறிப் படும் அடிகளை மன்னிப்பது குறைவு. தடம் நடுவுக்கு ஏறினாலே உங்கள் ஸ்பின் இறங்கும்.

சோதிக்கும்போது: ஒரு கிளப்பில் தொடர்ந்து அடிக்காமல் பழையதும் புதியதும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பந்தாவது. மிக நீளமாகப் போன ஒரு பந்தை மறந்துவிடுங்கள். இடப்பக்க ஓரத்துக்கும் வலப்பக்க ஓரத்துக்கும் உள்ள அகலத்தைப் பாருங்கள். சராசரி நடுவில் வந்து அகலம் மாறவில்லை என்றால் அந்த டிரைவர் உங்கள் தவறை இடம் மாற்றியிருக்கிறது, அவ்வளவே. உள்ளரங்கில் வலையில் அடிப்பதைவிடப் பந்து முழுதாகப் பறப்பதைத் திறந்தவெளியில் பார்ப்பது நல்லது. எங்கே சோதித்தாலும் நேராக நின்று அடியுங்கள்; இடப்பக்கம் திரும்பி நின்றபடி டிரா தலையை அடித்தால் பந்து இடப்பக்கக் காட்டுக்குப் போகும், பழி டிரைவர்மேல் விழும்.

ஸ்விங்வெயிட்

ஒண்ணு சேர்க்கிறேன். பழைய தலை வாங்குறதா இருந்தா ஸ்லீவ் அந்தக் கம்பெனியோட அந்தத் தலைமுறைக்குப் பொருந்துதான்னு பாருங்க, ஒரு கம்பெனி ஸ்லீவ் இன்னொண்ணுக்குப் போகாது. தலையைக் குலுக்கிப் பாருங்க, உள்ளே ஏதாவது உருண்டா வேண்டாம். ஃபேஸில நகத்தை ஓட்டிப் பாருங்க, விரிசல் தட்டுப்படும். ஆர்&ஏயும் யுஎஸ்ஜிஏயும் (கோல்ஃப் விதிகளை வகுக்கிற அமைப்புகள்) அனுமதிச்ச டிரைவர் தலைப் பட்டியல்ல மாடலும் லாஃப்டும் இருக்கான்னும் பார்த்துக்கோங்க.

ஆனா உங்க இடத்துல இருந்தா முதல்ல இருக்கிற 9 டிகிரியையே ஸ்லீவ்ல முழுசா ஏத்தி, ஒரு அங்குலம் கீழே பிடிச்சு, ஹீல்ல 6 கிராம் ஈய டேப் ஒட்டி, புது கிரிப்போட அடிச்சுப் பார்ப்பேன். செலவே இல்லாத டிரா டிரைவர் அது.

ஒன்பது_டிகிரி

அதையே செய்து பார்க்கிறேன். சுற்று நடுவில் ஹூக் வரத் தொடங்கினால் ஸ்லீவை மாற்றலாமா? டேப்பைப் பிய்த்துவிடலாமா?

விதிப்புத்தகம்

இரண்டும் கூடாது. விதி 4.1a: சுற்று தொடங்கிய பிறகு கிளப்பின் இயல்பை வேண்டுமென்றே மாற்றி, அந்தக் கிளப்பால் ஒரு அடி அடித்தால் தகுதிநீக்கம். ஸ்லீவைத் திருப்பிவிட்டு, அடிப்பதற்கு முன் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட்டால் தண்டனை இல்லை. ஈய டேப்பைச் சுற்றுக்கு முன்னால் ஒட்டலாம். நடுவில் ஒட்டவோ எடுக்கவோ இடம் மாற்றவோ கூடாது. தானாகக் கழன்று விழுந்தால் அது வேறு. கிளப்பை அப்படியே தொடர்ந்து பயன்படுத்தலாம். ஃபேஸில் இருக்கும் பவுடரை முதல் டீக்கு முன்னால் துடைத்துவிடுங்கள்.

நீளத்தில் உங்களுக்குச் சிக்கலே இல்லை. பொது வரம்பு 48 அங்குலம். 2022 முதல் உயர்நிலைப் போட்டிகள் உள்ளூர் விதி மூலம் 46 என்று கட்டுப்படுத்தலாம். வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள்.

ஸ்விங்வெயிட்

ஸ்லீவை மாத்தும்போது டார்க் ரெஞ்ச் 'க்ளிக்'னு சத்தம் போடுற வரைக்கும் திருகணும். பெரும்பாலான ரெஞ்ச்கள் 40 அங்குல-பவுண்டுக்கு வச்சிருக்கும். சாதாரண ஆலன் கீயால இறுக்காதீங்க, கூடிப்போனா திருகோட மரை போயிடும். குறைஞ்சா தலை ஆடும். சத்தம் கேக்கலைன்னா கழட்டி, ஸ்லீவ் பல்லுக்கு நடுவில மண் இருக்கான்னு பாருங்க.